தபால் ஓட்டுக்குள் வந்த கடுதாசி

போன தேர்தலில் வைத்த மை இன்னும் என் இடதுகை ஆள்காட்டி விரலில் இருக்கிறது. நகத்தோடு சேர்ந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒருமுறை நகம் வெட்டினால் போய்விடும். மை வைத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். ஒரு கண்ணைக் கைபேசியில் வைத்துக்கொண்டே கோடு இழுத்தாள். "தோலிலும் கொஞ்சம் படவேண்டும் அம்மா, நகத்தில் மட்டும் வைத்தால் போதாது" என்று கன்னடத்தில் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீவு டீச்சரா?" என்றாள். ரிடையரானவர்களுக்கு வருகிற வியாதி இது, கேட்காத இடத்தில் வேலை சொல்லித் தருவது. இதே மையை இதே வயதில் நானும் வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது.

நாடு முழுக்க விரலில் வைக்கிற இந்த மை எங்கள் மைசூரில்தான் தயாராகிறது. காஷ்மீரத்தில் ஓட்டுப் போட்டாலும் கறை எங்கள் ஊர்க் கறைதான். எத்தனையோ மாறிவிட்டது, அதன் வாசனை மட்டும் மாறவில்லை. ஊசி போடுமுன் கையில் தடவுவார்களே, அந்த வாசனையில் கொஞ்சம் துருவைக் கலந்தது போல இருக்கும். அது மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு கைக்குழந்தையின் குதிகால் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. நான் ஜில்லா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். காலனி வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், பள்ளிக்கூடத்திலும் கன்னடம். தமிழ் எழுத்தை அப்பாதான் சொல்லிக்கொடுத்தார், காலனியில் வீடு வீடாகச் சுற்றிவரும் வாரப் பத்திரிகைகளை வைத்து. எங்கள் வீட்டு முறை வருவதற்குள் தொடர்கதைப் பக்கங்களை யாராவது கிழித்து எடுத்துவிடுவார்கள். அதனால் துணுக்கும் சமையல் குறிப்பும்தான் எனக்குச் சரளமாகப் படிக்கவரும். என் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அது எனக்குப் பிடிக்காத பெயர் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

எங்கள் பக்கத்துக் கிராமத் தொகுதியின் எம்.பி. இறந்துபோய், இடைத்தேர்தலுக்குத் தேதி வைத்தார்கள். வைத்த பிறகு எல்லையில் யுத்தம் வந்துவிட்டது. தேர்தலை நிறுத்துவார்கள் என்று ஆபீசில் எல்லோரும் ஆவலோடு காத்திருந்தோம். நிறுத்தவில்லை. காலனியில் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. ஜீப்புகளின் முன்விளக்கில் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று. ஒர்க்‌ஷாப் சங்கு வேளைகெட்ட வேளையில் ஊதி, விமானம் வந்தால் எப்படிக் குப்புறப் படுப்பது என்று பழக்கினார்கள். எங்கள் அம்மா ஒருநாள்கூடப் படுக்கவில்லை, ரசம் பொங்கிவிடுமாம். பிரசாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று வேட்பாளர்களும் போர்வீரர்களைப் பற்றியே பேசினார்கள். யார் யாருக்கு எதிரி என்றே தெரியாத தேர்தல் அது.

என்னைப் போட்டது ஹனூருக்கும் அப்பால், கோபிநத்தம் போகும் வழியில் காட்டோரமாக இருந்த ஒரு சின்ன ஊரில். ஊர் முழுக்கத் தமிழ். என் தமிழைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் தமிழைக் கேட்டு நான் சொக்கிப்போனேன். பள்ளிக்கூடத்து ஒற்றை அறைதான் பூத். எனக்கு விரலில் மை வைக்கிற வேலை.

மத்தியானத்துக்கு முன்னால், துணியில் சுற்றிய குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பெயர் மாதம்மா. என் வயதுதான் இருக்கும். விரலை நீட்டச் சொன்னேன். அவள் கையை மாற்றும்போது குழந்தை உதைத்தது, மைக்குச்சி நேராகக் குதிகாலில் பட்டுவிட்டது. எங்கள் பூத் அதிகாரி ஒரு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், சிரிக்கவே தெரியாத மனுஷன். அவரே எட்டிப் பார்த்து, "இந்தக் குட்டியம்மா ஓட்டும் ஆயிற்று, இனி இருபத்தோரு வயதுக்கு வந்தால் போதும்" என்றார். நான் பதறிப்போய், அழியாது என்று தெரிந்தும் முந்தானையால் துடைத்தேன்.

"விடுங்கக்கா. சர்க்காரே திருஷ்டிப் பொட்டு வச்சுட்டாங்க" என்றாள் மாதம்மா.

"பாப்பா பேர் என்ன?"

"இன்னும் வைக்கலீங்க. அவுங்க பட்டாளத்துல இருக்கறாங்க. கடுதாசி வரோணும்."

அந்தக் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தகப்பன்தான் பெயர் சொல்லவேண்டுமாம். ஊரில் இல்லாவிட்டால் எழுதியாவது அனுப்பவேண்டும். அவன் ரயிலேறும்போது அவள் ஆறுமாசம். பிறந்ததும் ஆள் பிடித்து எழுதிப் போட்டாள். பதிலே இல்லை. அப்புறம் யுத்தம் வேறு வந்துவிட்டது.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "மூணு மாசமாச்சு. இது பொறந்த நேரம், அப்பங்கிட்ட இருந்து ஒரு சேதி இல்ல. பொட்டப்புள்ளைக்குப் பேரு ஒண்ணுதான் கொறைச்சல்."

மாதம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையில் துணியை இழுத்து மூடினாள். எனக்கு அந்தப் பெண்ணின் விரலை எடுத்து மைப்புட்டிக்குள் அமுக்கவேண்டும் போல இருந்தது. சட்டப்படி ஒரு கோடுதான் இழுக்கலாம், கொஞ்சம் பெரிய கோடாக இழுத்தேன்.

ஓட்டு எண்ணிக்கை மைசூரில், ஒரு கல்லூரி ஹாலில் நடந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள், இந்தப் பக்கம் நாங்கள். காலையில் முதல் வேலையாகத் தபால் ஓட்டு. பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் இரண்டு உறைகள் அனுப்புவோம். ஓட்டுச் சீட்டைச் சின்ன உறையில் போட்டு ஒட்டி, அதையும் கையெழுத்திட்ட படிவத்தையும் பெரிய உறையில் வைத்து அனுப்பவேண்டும். ஸ்டாம்பு தேவையில்லை. மொத்தமே ஒரு கைப்பிடி உறைகள்தான் வந்திருந்தன. எங்கள் தேர்தல் அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வந்தார். மெதுவாகப் பேசுகிறவர், கோட்டின் மேல்பித்தானைக்கூடக் கழற்றாதவர்.

ஒரு சின்ன உறையைப் பிரித்தபோது சீட்டோடு இன்னொரு காகிதமும் விழுந்தது. நோட்டுப் புத்தகத்தில் கிழித்து நாலாக மடித்தது. பென்சில் எழுத்து. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஏஜெண்ட், "யுத்த காலம் சார், என்ன எழுதியிருக்கோ யார் கண்டது, படிக்கச் சொல்லுங்கள்" என்று கன்னடத்தில் கத்தினார்.

"தமிளு ஓதோக்கெ யாரிகெ பருத்தெ?" என்று அதிகாரி ஹாலைப் பார்த்துக் கேட்டார். தமிழ் படிக்க யாருக்கு வரும் என்று. நான் கடைசி மேஜையிலிருந்து கையைத் தூக்கினேன். சமையல் குறிப்பு அளவுக்குத்தான் வரும் என்பதை அப்போது மறந்துபோனேன்.

எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துக் கன்னடத்தில் சொன்னேன். கடிதம் எங்களுக்கே எழுதியதாகத் தொடங்கியது. "இந்தக் கவரைப் பிரிக்கும் ஐயா அவர்களுக்குக் கும்பிடு. இங்கிருந்து போடுகிற கடுதாசி வீட்டுக்குச் சேருகிறதா என்று தெரியவில்லை. சர்க்கார் கவர் கட்டாயம் சேரும். அதனால் இதில் வைத்தேன். ஐயா தயவு பண்ணி என் வீட்டில் கொடுக்கவும்."

தபாலை நம்பாதவன் தபால் ஓட்டை நம்பியிருக்கிறான். இரண்டும் ஒரே மூட்டையில்தான் வந்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குக் கீழே இருந்த மாதம்மா என்ற பெயரையும் அந்தக் காட்டோரத்து ஊரின் பெயரையும் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன். எழுதியவன் பொன்னுசாமி, அவள் புருஷன். ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி போட்டிருந்தான்.

"நான் நலம். இங்கே குளிர். கொடுத்த கம்பளி நல்ல கம்பளி. எருமை கன்று போட்டதா? யானை வருகிற நாளில் காவல் பரணுக்கு அப்பாவை அனுப்பாதே, அவருக்குக் கண் மங்கல். தம்பியை அனுப்பு. உன்னிடமிருந்து எந்தத் தகவலும் எனக்கு வரவில்லை. பையன் பிறந்திருந்தால் அப்பா பேரை வை. பொண்ணு பிறந்திருந்தால் யோசித்து அடுத்த கடுதாசியில் எழுதுகிறேன்." அவ்வளவுதான்.

கத்திய ஏஜெண்ட் நம்பவில்லை. "எருமை கன்று போட்டதா என்றா கேட்கிறான்? மறுபடி படியுங்கள்" என்றார். மறுபடி படித்தேன். பிறகு அதிகாரி குறிப்பு எழுதுவதற்காக மூன்றாவது முறை. மூன்றாவது தடவையில் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை, மனப்பாடமாகிவிட்டது. ஓட்டோடு ஆளின் பெயர் தெரிகிற காகிதம் இருந்ததால் ஓட்டு செல்லாது என்று தீர்ப்பானது. அவன் யாருக்குப் போட்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன்.

"சார், அந்த லெட்டர்?" என்று கேட்டேன்.

"பேப்பர் ஹொரகெ ஹோகபாரது. அஷ்டே" என்றார். காகிதம் வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வெளியே போகக்கூடாதது காகிதம் மட்டும்தான் என்று நானாக அர்த்தம் செய்துகொண்டேன். கடிதம், சீட்டு, உறை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி அரக்கு வைத்துப் பெட்டிக்குள் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னோடு பஸ் ஏறினார். காட்டுப்பக்கம் தனியாக அனுப்ப அம்மா ஒப்பவில்லை. வழியெல்லாம் அவரிடம் கடிதத்தை ஒப்பித்துக்கொண்டே போனேன். "இருக்கறத மட்டும் சொல்லு. உன் சரக்கைச் சேர்த்துடாதே" என்று கொள்ளேகாலத்தில் பஸ் மாறும்போதே எச்சரித்தார். பத்திரிகைக் கதைகளில் கிழிந்துபோன பக்கங்களுக்கு நான் சொந்தமாகக் கதை கட்டிக் காலனிப் பிள்ளைகளுக்குச் சொல்வது அவருக்குத் தெரியும்.

மாதம்மா வீட்டு வாசலில் அரை ஊர் கூடிவிட்டது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பூத் வரிசையில் பின்னால் நின்ற அந்தப் பெண்ணும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீடாம். கையில் காகிதம் இல்லாததை முதலில் விளக்கவேண்டியிருந்தது. சர்க்கார் பெட்டியில் பூட்டியிருக்கிறது, நான் படித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். ஒன்பது நாளுக்கு முன்னால் எழுதியது என்றும் சொன்னேன். நல்லவேளை, நாள்களை இப்போது எண்ணினால் கூடுதலாக ஆகியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாதம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

நின்றபடியே ஒப்பித்தேன். கம்பளியைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். பரணுக்கு அப்பாவை அனுப்பாதே என்றதும் மாமனார், "அவனுக்கென்ன தெரியும், எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்று வேறு யாரோ நின்ற பக்கம் பார்த்துச் சொன்னார். பையன் பிறந்திருந்தால் அப்பா பேரை வை என்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே கொஞ்சம் நிறுத்தினேன். நிறுத்தியது தப்பு.

"பொட்டப்புள்ளைன்னா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "அதுக்கு ஒண்ணும் எழுதியிருக்காதே."

மாதம்மா என்னையே பார்த்தாள். அடுத்த கடுதாசியில் எழுதுகிறேன் என்று நான் சொன்னால், அந்த அடுத்த கடுதாசி வருமோ வராதோ, அதுவரைக்கும் இந்தக் குழந்தை அப்பன் மறந்த குழந்தையாக, நேரம் கெட்ட குழந்தையாக இந்த வாசலில் தவழவேண்டும். வராமலே போனால், கடைசிவரைக்கும். இதையெல்லாம் நான் அப்போது யோசித்தேனா, இல்லை, செய்ததற்கு நியாயமாகப் பிறகு யோசித்தேனா என்று இப்போது தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"பொண்ணு பொறந்தா நிர்மலான்னு வைக்கச் சொல்லியிருக்கார்."

என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் பெயர் நிர்மலா. இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். அப்பாவின் அத்தை பெயரைச் சுமந்துகொண்டு மூன்றாவது பெஞ்சில் நான். அந்தப் பெயருக்காக ஏங்கி அழுதிருக்கிறேன். அவசரத்துக்கு வேறு எந்தப் பெயரும் கைக்கு அகப்படவில்லை.

"அதென்ன பேருங்?" என்றார் மாமனார். கொஞ்சநேரம் அதை வாய்க்குள் புரட்டிப் பார்த்தார். "பட்டாளத்துப் பேராட்டம் இருக்குது. வடக்க அப்படித்தான் வைப்பாங்களாக்கும்." பிரச்சினையை அவரே தீர்த்துவைத்தார்.

மாதம்மா குழந்தையைத் தூக்கிக் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னாள். அவள் வாயில் அது நிருமலா ஆயிற்று. பிறகு பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். "கேட்டீங்களாக்கா? பொண்ணுக்கும் பேரு நெனச்சு வச்சிருக்கறாங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

திரும்பும்போது அப்பா, கொள்ளேகாலம் வந்து, டீ குடித்து, மைசூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்: "ஏன்டி, உன் பேருக்கு என்ன குறைச்சல்?" அதற்குப் பிறகு அவர் சாகிறவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

யுத்தம் முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. அடுத்த கடுதாசி வந்து, அதில் வேறு பெயர் இருந்தால்? அரசாங்க ரகசியத்தையும் வெளியே சொல்லி, அதையும் தப்பாகச் சொன்னவள் என்று என் மானம் கப்பலேறிவிடும். தினமும் ஆபீஸ் வாசலில் யார் வந்தாலும் திடுக்கென்றது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் அவனே வந்துவிட்டான். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய தலை. என் மேஜைக்கு முன்னால் விறைத்து நின்றான்.

"வீட்டுல சேதி சொன்னது நீங்கதானுங்களா?"

எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"அடுத்த கடுதாசி எழுதறதுக்கு உட்காந்தனுங்க. அன்னைக்குத்தான் வீட்டுக் கடுதாசி வந்து சேந்துது. நான் சொன்னபடி நிர்மலான்னு வச்சாச்சுன்னு எழுதியிருந்துது. நாலு தடவ படிச்சுப் பாத்தனுங்க."

"தப்புதாங்க" என்றேன்.

"பேரு நல்லாத்தான் இருக்குது" என்றான். யோசித்துச் சொன்னதுபோல இருந்தது. "கூப்பிட்டாச் சிரிக்குதுங்க."

"நீங்க என்ன பேர் நினைச்சிருந்தீங்க?"

"அது எதுக்குங்க இனி."

பிறகு, ஓட்டு சேர்ந்ததா என்று கேட்டான். செல்லாமல் போனதைச் சொன்னேன். அதற்குத்தான் அவன் முகம் வாடியது. மலைமேல் நின்றுகொண்டு விரல் விறைக்கக் குறி போட்டானாம். காகிதம் என்ன ஆகும் என்றான். பெட்டியில் இருக்கிறது, காலக்கெடு முடிந்ததும் எரித்துவிடுவார்கள் என்றேன்.

"எரியட்டுங்க" என்றான் பொன்னுசாமி. "பாப்பாவுக்குத் தெரிய வேண்டாமுங்க." கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஒருநாள் மத்தியானம் ஆபீஸுக்குப் பின்னால் மரத்தடியில் அந்தப் பெட்டியில் இருந்ததையெல்லாம் கொட்டி எரித்தார்கள். அரக்கு உருகும் வாசனை எங்கள் அறைவரை வந்தது. மற்றவர்கள் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். நான் சாத்தவில்லை.

இப்போது சீட்டும் இல்லை, முத்திரைக் கட்டையும் இல்லை. பொத்தானை அமுக்கினால் பீப் என்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு மாடி கட்டிவிட்டார்களாம். அப்பா போய்விட்டார். மாதம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷம் பொன்னுசாமியும் போய்விட்டார். நினைத்து வைத்திருந்த பெயரை யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிர்மலா வந்திருந்தாள், போன மாதம். கொள்ளேகாலத்தில் ஸ்டாப் நர்ஸ், தலை பாதி நரைத்துவிட்டது. மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாள். காப்பி குடித்துவிட்டு, போகிறவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, அப்பா கையால என் பேரை எழுதுனதைப் பாத்தவங்க நீங்க ஒருத்தர்தானே. எப்படி இருந்துச்சு எழுத்து? நெனப்பு இருக்கா?"

"பென்சில்ல எழுதியிருந்தார்மா" என்றேன். "நல்லா அழுத்தி."

பென்சில் என்பது நிஜம்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இதை இங்கே எழுதுவதில் எனக்குப் பயமில்லை. அவள் படித்ததெல்லாம் கன்னடம். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது, அவள் மகளுக்குப் பேசவும் வராது. அந்தக் காகிதம் எரியாமல் இருந்து, அன்றைக்கு அவள் கையிலேயே கொடுத்திருந்தாலும், கொஞ்சநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "படிச்சுச் சொல்லுங்க ஆன்ட்டி" என்று என்னிடம்தான் திருப்பிக் கொடுத்திருப்பாள். நானும் படித்திருப்பேன், நிர்மலா என்று.